சொரண்டியாச்சு

சொரண்டாமக் குடுக்க முடியாதுங்க சார். கோவிச்சுக்காதீங்க. புது வண்டி, மனசு வராது, எனக்குத் தெரியுது. டிக்கில விரிச்சிருக்கற மேட்டைத் தூக்கினாத்தான் தெரியற எடத்துல, ஒரு ரூபாக் காசு அகலத்துக்குப் பெயிண்ட்டைச் சொரண்டப் போறேன். அதுக்கு மேல போல்ட்டு வந்து உக்காந்துக்கும். அப்பறம் நீங்களே தேடினாலும் கெடைக்காது. அதுவும் ஆகாதுன்னா சாவி இந்தாங்க, எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு வருத்தமில்லை. இந்தத் தாராபுரத்துல இன்னும் நாலு கடை இருக்குது, சொரண்டாம மாட்டிக் குடுப்பாங்க. போன கடைக்காரன் அப்படித்தான் மாட்டியிருக்கறான். அதனாலதான நீங்க இங்க வந்து நிக்கறீங்க.

சரி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

உங்க வண்டில என்ன நடக்குதுன்னு நான் சொல்லட்டுங்களா? மெதுவாப் பாட்டு வெச்சாப் பாடுது. சத்தத்தைக் கூட்டி, நெஞ்சுல அடிக்கற மாதிரி பேஸ் வந்தா டப்புனு நின்னுருது. ஆம்ப்ளிஃபயர்ல ஒரு செவப்பு லைட்டு எரியுது. சித்த நேரங்கழிச்சுத் தானா மறுக்கா வருது. அப்படித்தான? ஆம்ப்ளி போச்சு, வேற வாங்குங்கன்னு சொல்லியிருப்பானுக. ஆம்ப்ளி நல்லாத்தான் இருக்குதுங்க சார். பேட்டரில இருந்து கரண்டு ஒரு ஒயர்ல வருது. வந்து வேலையைப் பாத்துட்டு அது திரும்பிப் போகோணுமில்லீங்களா? அந்தத் திரும்பிப் போற வழிதான் எர்த்து. வண்டித் தகடுதான் அந்த வழி. தகட்டுக்கும் ஒயருக்கும் நடுவுல பெயிண்ட் இருந்தா வழி அடைச்சுக்கும். கொஞ்சமாக் கேட்டாத் தாக்குப் பிடிக்கும். எச்சாக் கேட்டா மூச்சு முட்டும். ஆம்ப்ளி பயந்துக்கிட்டு நின்னுரும். அவ்வளவுதான் விசயம்.

மீட்டர் வெச்சுப் பாத்தாங்கன்னீங்க. பாத்திருப்பாங்க. பாட்டு ஓடாம, சும்மா இருக்கும்போது பாத்தா மீட்டர் பன்னெண்டரை காட்டும். எல்லாம் சரியா இருக்கற மாதிரித்தான் இருக்கும். பாட்டு ஏறும்போது பாக்கோணும். அப்ப ஒம்பதுக்கு எறங்கும். இதை எனக்குச் சொல்லிக் குடுத்தவன் என்ற தம்பி. எனக்குத் தம்பி சொல்லிக் குடுத்தான்னு இப்பத்தான் வாயில வருது பாருங்க. அவன் இருந்தப்ப அது வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கறேன்னு கேட்டீங்க. வேலைக்கு ஒரு மணி நேரமாகும். சொல்றேன். நீங்க வெளியூரு, இன்னைக்குப் போனா இந்தப் பக்கம் எப்ப வருவீங்களோ. உள்ளூர்ல ஒருத்தர்கிட்டயும் நான் இதைச் சொன்னதில்லை. எங்க வீட்டுல கூடச் சொன்னதில்லை.

கடைக்கு மொதல்ல பேரு 'சிவமலை பிரதர்ஸ்'. சிவமலைங்கறது நான். பிரதர்ஸ்ங்கறது அவன், திருமூர்த்தி. எனக்கு ஒம்பது வயசு எளையவன். எங்கய்யன் சீக்கிரமாப் போயிட்டாரு, நான்தான் அவனை வளத்தேன். அதைச் சொல்லிக் காட்டறதா நெனைக்காதீங்க. வளத்தேன், அவ்வளவுதான். ஐடிஐ படிக்க வெச்சேன். நான் தொழிலைக் கண்ணுல பாத்துப் பழகினவன். ஒரு பல்ப்புல ரெண்டு ஒயரைக் கட்டிக்கிட்டு, அது எரியுதா இல்லையான்னு பாத்தே இருபது வருசம் ஓட்டிட்டேன். அவன் மீட்டரைத் தூக்கிட்டு வந்தான். நான் ஆம்ப்ளி போச்சும்பேன். அவன் இருங்கண்ணாம்பான். பொறுமையா ஒவ்வொரு ஒயராத் தொட்டுப் பாப்பான். முன்னால பேட்டரிகிட்ட ஃப்யூஸ், அப்பறம் ஸ்டீரியோல இருந்து ஆம்ப்ளியை எழுப்பற அந்த மெல்லிசு ஒயரு, கடைசியா எர்த்து. பாதிக்குப் பாதி எர்த்துதான் சார். "சொரண்டாம மட்டும் எர்த்து குடுக்காதீங்கண்ணா"ம்பான். எனக்குச் சுருக்குனு இருக்கும். அவனுக்கு அனா ஆவன்னா நான் சொல்லிக் குடுத்தேன், அவன் எனக்கு எர்த்து சொல்லிக் குடுக்கறான் பாருங்க.

வர்றவங்க எல்லாம் கொஞ்ச நாள்ல, தம்பி இருக்கறாருங்களான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. நான் இங்க உக்காந்திருப்பேன். என்னைப் பாத்துட்டுத்தான் கேப்பாங்க. எனக்கு அதுல பொறாமை ஒண்ணும் இல்லீங்க. சந்தோசந்தான்.

இது பதினெட்டு வருசத்துக்கு முந்தி. கோழிப்பண்ணை தண்டபாணின்னு ஒருத்தரு. இந்தச் சுத்துவட்டாரத்துல நெம்பப் பெரிய ஆளு. புதுசா வெள்ளை வண்டி எடுத்து, பழனி அடிவாரத்துல பூசை போட்டு, நேரா நம்ம கடைக்குத்தான் வந்தாரு. சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுங்கின ஈரம் கூடக் காயலை. சந்தனம் குங்குமம் எல்லாம் அப்படியே இருக்குது. மறுநா அவரு மச்சினனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான், இருக்கறதுலயே பெரிய ஆம்ப்ளியாப் போடு, ஊரே அதிரோணும்னாரு. அப்பறம் ஒண்ணு சொன்னாரு. பூசை போட்ட வண்டி, இதுல எங்காவது ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்னாரு.

திருமூர்த்தி சாப்படப் போயிருந்தான். அவன் பொண்டாட்டி சுகந்தி அப்ப நாலு மாசம் முழுகாம இருந்தா, மத்தியானம் அவளுக்குக் கூடமாட இருந்துட்டுத்தான் வருவான். நான் ஒயரெல்லாம் இழுத்து வெச்சேன். கறுப்பு ஒயரு தீந்து போச்சு. எர்த்துக்குக் கறுப்பு, கரண்டுக்குச் செவப்பு, அதுதான் முறை. ஆனா ஒயரு தீந்து போனா நாங்க பண்றது, ரெண்டுக்கும் செவப்பையே போட்டு, எர்த்து ஒயரு நுனில அடையாளத்துக்குக் கறுப்பு இன்சுலேசன் டேப்பு ரெண்டு சுத்துச் சுத்திருவோம். எல்லாரும் பண்றதுதான். ஒயர் நுனில வளையம் போட்டேன், டிக்கில ஒரு போல்ட்டைக் கழட்டினேன். சொரண்டறதுக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்தேன். தண்டபாணி பின்னாடியே நிக்கறாரு. வெள்ளைப் பெயிண்ட்டு, பால் மாதிரி இருக்குது. எனக்குக் கை வரலை. அப்படியே பெயிண்ட்டுக்கு மேல வளையத்தை வெச்சு முறுக்கிட்டேன்.

அவரு டீ குடிக்கப் போனாரு. திருமூர்த்தி வந்தான். வந்தவன் ஆம்ப்ளிக்கு ஒயரைக் குடுக்கறதுக்கு முந்தி, சத்தமில்லாமக் கேட்டான், எர்த்து சொரண்டினீங்களாண்ணான்னு. எனக்கு அந்தக் கேள்வியே புடிக்காது. அதுலயும் அன்னைக்கு மனசுல ஒரு குத்தம் இருக்குது பாருங்க, இன்னும் புடிக்கலை. "சொரண்டியாச்சு, நீ உன்ற வேலையைப் பாரு"ன்னேன். அவன் அந்தப் போல்ட்டைக் கழட்டிப் பாக்கலை. அண்ணன் சொன்னா அவனுக்கு அதுக்கு மேல பேச்சில்லை.

பாட்டைப் போட்டோம். நல்லாத்தான் பாடுச்சு. தண்டபாணி திரும்பி வந்து, சத்தம் வெய்யின்னாரு. வெச்சேன். டப்புனு நின்னுருச்சு, செவப்பு லைட்டு. மறுக்கா வெச்சேன், மறுக்கா நின்னுருச்சு. திருமூர்த்தி ரெண்டு ஒயரையும் கழட்டி மீட்டர் வெச்சுப் பாத்தான். பன்னெண்டரை. பாட்டு ஓடும்போது ஒருக்கா பாத்தாத்தான் தெரியும், செத்த நேரம் குடுங்கண்ணான்னான். தண்டபாணி வாட்சைப் பாக்கறாரு. எத்தனை நேரம்டா நோண்டுவீங்கன்னு கேட்டாரு. நான், "எல்லாம் பாத்தாச்சு, ஒயரைக் குடு, போடு"ன்னு அவசரப்படுத்தினேன். அவன் ஒயரைக் குடுத்தான். வால்யூமு முழுசா இருந்ததை ஒருத்தரும் கவனிக்கலை. போட்ட ஒடனே முன்னால ஸ்டீரியோக்குள்ள இருந்து பொகை. கருகின நாத்தம். நான் ஓடிப்போயி ஆம்ப்ளில இருந்து ரெண்டு ஒயரையும் பிடுங்கி எறிஞ்சேன். அந்தக் கறுப்பு டேப்பு ஒயர்ல இல்லை. வெயில்ல பசை எளகி, கழண்டு டிக்கில ஒரு பக்கமாக் கெடந்துச்சு. ரெண்டும் செவப்பு ஒயரு. எது எதுல இருந்துச்சுன்னு இனி ஆருக்கும் தெரியாது.

தண்டபாணி மொகம் மாறிப் போச்சு. புது வண்டி, பூசை போட்ட வண்டி, மறுநா கல்யாணம், உள்ள பொகை. அவரு சொன்ன வார்த்தையெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எங்கம்மாளையெல்லாம் இழுத்தாரு. என்னடா பண்ணுனீங்கன்னு கேட்டாரு. நான் அந்த டேப்பைப் பாத்தேன். எடுத்துக் காட்டினேன். "இவன் ஒயரை மாத்திக் குடுத்துட்டானுங்க"ன்னேன்.

அப்பறம் அடிச்சேன்.

அடிக்கோணும்னு அடிக்கலீங்க. கை தானாப் போச்சு. ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, நான் அடிக்கலைன்னா தண்டபாணி அடிச்சிருப்பாரு. அவரு கூட ரெண்டு ஆளுக வேற நின்னாங்க. வெளியாள் கை படறதுக்கு அண்ணன் கை படட்டும்னுதான். அடிச்சதும் தண்டபாணி அமைதியாயிட்டாரு பாருங்க. விடு சிவமலை, சின்னப் பையன்னு அவரே சொன்னாரு. சின்னப் பையனுக்கு அப்ப முப்பது வயசு. திருமூர்த்தி கன்னத்தைத் தொடவே இல்லை. ரெண்டு கையையும் விரிச்சு வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு நின்னான். அப்பறம் சட்டையை மாத்தினான், சைக்கிளை எடுத்தான், போயிட்டான்.

ராவோட ராவா ஒடுமலைக்கு ஆளைத் தாட்டி, வேற ஸ்டீரியோ வாங்கியாந்து வெறுமனே அதை மட்டும் மாட்டி, கல்யாணத்துக்கு வண்டியை அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு வண்டி வந்துச்சு. கடைல நான் மட்டுந்தான். கருகிப்போன ஸ்டீரியோவைப் பிரிச்சுப் பாத்தேன். ஆம்ப்ளிக்குப் பாட்டு போற மெல்லிசு ஒயரு குத்தற எடம் மட்டும் கருகியிருந்துச்சு. டிக்கில அந்தப் போல்ட்டைக் கழட்டினேன். வளையத்துக்கு அடில வெள்ளைப் பெயிண்ட்டு அப்படியே இருக்குது, ஓரத்துல மட்டும் மஞ்சளாப் பொசுங்கி ஒரு வட்டம். கரண்டு திரும்பிப் போக வழி கெடைக்காம, அந்த மெல்லிசு ஒயர் வழியா முன்னால ஸ்டீரியோவுக்கு ஓடியிருக்குது. அதான் பொகை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சொரண்டினேன். தகடு பளிச்சுன்னு தெரியற வரைக்கும் சொரண்டினேன். அதே ஆம்ப்ளியைக் குடுத்தேன். பாடுச்சுங்க சார். முழுச் சத்தத்துல பாடுச்சு. ஒயரை மாத்திக் குடுத்திருந்தா அந்த ஆம்ப்ளி அன்னைக்கே செத்திருக்கும். அது சாகலை. அவன் சரியாத்தான் குடுத்திருக்கறான்.

அந்தப் பாட்டை நிறுத்தறதுக்குக் கூடத் தோணாம டிக்கியப் புடிச்சுட்டு நின்னேன். அழுதேன், பொய் எதுக்குச் சொல்லோணும்.

போயிச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா இருந்தேன். அன்னைக்கே கெளம்பினேன், வண்டில பாதி தூரம் போயிட்டேன். அப்பறம் பாத்தேன், அவன் என்ன பண்ணியிருக்கோணும்? ரெண்டு நாளா கடைக்கு வரலை. ஒரு வார்த்தை வந்து, ஏண்ணா அடிச்சீங்கன்னு கேக்கலாமில்ல? கேட்டா நான் சொல்லியிருப்பேன். எளையவன்தான மொதல்ல வரோணும். சரி, கோவம் தணியட்டும், தீவாளிக்கு வருவான், அப்பச் சொல்லிக்கலாம்னு விட்டேன். தீவாளிக்கு முந்தியே அவன் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுல சேந்துட்டான்னு சேதி வந்துச்சு. எனக்குப் பொக்குனு போச்சு. ஐடிஐ படிச்சவன் சார், மில்லுல பஞ்சு அள்ளிப் போடற வேலைக்குப் போயிட்டான். மில்லுலயே எலக்ட்ரீசியன் வேலை குடுக்கறேன்னாங்களாம். வேண்டாம்னுட்டானாம். நான் கோவப்பட்டேன். என்ற பேரைக் கெடுக்கறதுக்குன்னே பண்றான்னு சொன்னேன். பலகைல இருந்து பிரதர்ஸை அழிச்சேன்.

எங்க வீட்டுல சொல்லிட்டேதான் இருந்தா, நீங்க போயிக் கூப்புட்டா வந்துருவாருன்னு. அவளுக்கு என்ன தெரியும்? போனா சும்மா கூப்புட்டுட்டு வர முடியாது. போனா சொல்லோணும். ஒண்ணு ரெண்டு நாளுன்னாச் சொல்லிரலாம் சார். ஒரு வருசம் கழிச்சு எப்படிப் போயிச் சொல்றது? ஏன் அப்பவே சொல்லலைன்னு கேப்பானே. அதுக்கு என்ன சொல்றது? வருசம் ஆக ஆகச் சொல்றதுக்குண்டான வார்த்தையும் பெருசாயிட்டே போச்சு. எழவு காரியம், கல்யாணம்னு ஒறம்பரை வீடுகள்ல பாப்போம். வாங்கண்ணாம்பான். சாப்பிட்டீங்களாண்ணாம்பான். மரியாதைக்கு ஒண்ணும் கொறைச்சல் வெச்சதில்லை. எங்கிட்ட மொகம் குடுத்து மட்டும் பேச மாட்டான், தரையைப் பாத்துப் பேசுவான். திமிருன்னு நெனச்சுக்கிட்டேன். என்னை அவனுக்குப் புடிக்கலை, அதான் பாக்கறதில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். பதினெட்டு வருசம் அப்படித்தான் நெனச்சேன்.

போன சித்திரைல போன் வந்துச்சு. மூச்சு விட முடியாமக் கோயமுத்தூரு பெரியாசுபத்திரில சேத்தியிருக்குதுன்னு. நுரையீரல்ல பஞ்சு தூசு படிஞ்சு போச்சாம். வருசக்கணக்கா உள்ள போனதுதானாம், இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. இந்த மில்லுக்காரனுக மூஞ்சிக்குக் கட்ட ஒரு நல்ல துணி கூடக் குடுக்கறதில்லை சார். அவனுகளைச் சும்மா விடக்கூடாது. நல்லா இருந்த ஆளை மில்லுதான் கொன்னுச்சு. நான் ஆசுபத்திரிலயே சத்தம் போட்டேன், எழுதிக் குடுங்க, கேஸ் போடலாம்னு.

நான் உள்ள போனேன். கட்டல்ல சாஞ்சு உக்காந்திருந்தான். மூக்குல கொழா. ஆளு பாதியாயிட்டான். என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான். படு சாமின்னு தோளை அமுத்தினேன். அன்னைக்கு அடிச்சதுக்கப்பறம் அவன் மேல என்ற கை படறது அப்பத்தான். சொல்லிரோணும்னுதான் போனேன். பஸ்ஸுல வரும்போதே நெனச்சு வெச்சிருந்தேன், எப்படி ஆரம்பிக்கறதுன்னு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவன் ஆரம்பிச்சுட்டான்.

"அண்ணா, அன்னைக்கு நான் மாத்தித்தான் குடுத்துட்டன் போல இருக்குதுண்ணா."

எனக்கு மொதல்ல புரியலை. எதைச் சொல்றடான்னேன்.

"தண்டபாணி வண்டில. மில்லுல மிசினுக்கு முன்னால நிக்கும்போதெல்லாம் அதையேதான் நெனப்பேன். ஒவ்வொண்ணா மனசுலயே பாத்துட்டு வருவேன். ஃப்யூசு சரியா இருந்துச்சு. ஸ்டீரியோ ஒயரு சரியா இருந்துச்சு. எர்த்து நீங்க சொரண்டியாச்சுன்னு சொன்னீங்க. அப்ப எர்த்துல ஒண்ணும் இருக்காது. வேற என்ன இருக்குது? நானாத்தான் இருக்கோணும். டேப்பு கழண்டதைப் பாக்காமக் குடுத்திருக்கறேன்."

இத்தனையும் சேந்தாப்புல சொல்லலீங்க. ரெண்டு வார்த்தை, ஒரு மூச்சு, ரெண்டு வார்த்தை, ஒரு மூச்சு. பாருங்க சார், எத்தனை சரியா யோசிச்சிருக்கறான். ஒவ்வொண்ணாப் பாத்துக் கழிச்சுட்டு வந்தான், அவன் வேலை பாக்கற மாதிரியே. நான் சொன்ன ஒண்ணை மட்டும் அவன் பாக்கவே இல்லை. பதினெட்டு வருசத்துல ஒருக்கா கூட அவனுக்கு அது தோணலை, அண்ணன் பொய் சொல்லியிருப்பான்னு.

"அதுக்கப்பறம் ஒயரைத் தொடறதுக்கே பயமாப் போச்சுண்ணா. வீட்டுல பல்ப்பு மாத்தோணும்னாக் கூட ஆளைக் கூப்புட்டுக்குவேன். உங்க மொகத்தைப் பாக்க வெக்கமா இருக்கும். உங்க பேரைக் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சுருங்கண்ணா."

கையைக் கூப்பினான் சார். கொழா குத்தியிருக்கற கையோட கூப்பினான்.

சொல்லியிருக்கோணும். தெரியுது, நீங்க பாக்கறதுலயே தெரியுது. நான் சொல்றதையும் கேளுங்க. சாகப் போறவன் மன்னிப்புக் கேக்கறான். அந்த நேரத்துல போயி, டேய், நீ தப்பே பண்ணலை, நீ மில்லுக்குப் போயிருக்கவே வேண்டாம், இந்தத் தூசை நீ தின்னிருக்கவே வேண்டாம்னு சொன்னா அவன் தாங்குவானா? அவன் கையை இறக்காம அப்படியே வெச்சிருக்கறான். "விடு சாமி"ன்னேன். "அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்"னேன்.

அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. சிரிச்சான். அவன் சிரிச்சு நான் பாத்து எத்தனை வருசமாச்சு. என்ற கையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே தூங்கிட்டான். ஒரு மணி நேரம் நான் கையை எடுக்கலை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு நெம்ப நிம்மதியா இருந்துச்சு. ஏன் இருந்துச்சுன்னு நெனச்சா இப்ப எனக்கே அருவருப்பா இருக்குது. ஆனா இருந்துச்சு.

அஞ்சாம் நாளு போயிட்டான்.

காரியமெல்லாம் நான்தான் நின்னு பண்ணினேன். அதுல ஒரு கொறையும் வெக்கலை. எல்லாம் முடிஞ்ச அன்னைக்கு, ஒறம்பரைக எல்லாம் போனப்பறம், சுகந்தி வந்து என்ற கால்ல விழுந்தா. நான் பதறிப் போனேன். "நீங்க மன்னிச்சேன்னு சொன்னீங்கல்லங்க மாமா, அதுக்கப்பறந்தான் அவரு நல்லாத் தூங்கினாரு"ன்னா. எந்திரி சாமின்னு தூக்கி விட்டேன்.

அவன் பொண்ணு தாரணி. அன்னைக்கு வகுத்துல இருந்துச்சுன்னேனே, அந்தப் புள்ளை. ப்ளஸ் டூ முடிச்சிருக்குது, நல்ல மார்க்கு. எலக்ட்ரிக்கல் படிக்கோணும்னு ஆசையாம். அவங்கப்பன் உசுரோட இருந்தவரைக்கும் விடவே இல்லையாம். நம்ம குடும்பத்துக்கு அந்த வேலை ஆகாது, எனக்குக் கை தப்பின மாதிரி உனக்கும் தப்பீரும், அப்பறம் நீயும் வாழ்நாளைக்கும் அதையே நெனச்சுட்டுக் கெடப்பேன்னு சொல்லுவானாம். காமர்ஸ் காலேஜுக்கு எழுதிப் போட்டு வெச்சிருந்தாங்க. அன்னைக்கு வாசல்ல நான் செருப்பைப் போடறேன். அந்தப் புள்ளை வந்து முன்னால நின்னுச்சு. அவனை மாதிரியே நெத்தி. அவனை மாதிரியே சத்தமில்லாமக் கேட்டுச்சு.

"பெரியப்பா, நெசமாலுமே அப்பா அன்னைக்கு மாத்தித்தான் குடுத்தாங்களா?"

ஒருத்தரும் பக்கத்துல இல்லீங்க சார். சுகந்தி உள்ள பாத்திரம் கழுவிட்டிருந்தா. கேக்கறதுக்கு அந்தப் புள்ளை ஒண்ணுதான், சொல்றதுக்கு நான் ஒருத்தன்தான். ஒரு வார்த்தை போதும். அதுக்குப் படிப்பும் கெடைக்கும், அதோட அப்பனும் அதுக்குத் திரும்பக் கெடைப்பான். எனக்கு எல்லாந் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டேதான் நின்னேன். ஆனா அவனே அவன் வாயால ஒத்துக்கிட்டுப் போயிட்டான். சாகும்போது சொன்ன வார்த்தை. அதை நான் போயிப் பொய்யாக்கலாமுங்களா? அவனுக்கு அது மரியாதையா?

அந்தப் புள்ளை தலைல கை வெச்சேன்.

"ஆமா கண்ணு"ன்னேன். "ஆருக்கும் வர்றதுதான். பெரியப்பா அதை மனசுல வெச்சுக்கலை."